ஓடாத வரிகள்

கவரேஜ் எண் விழுந்துவிட்டது என்று முதலாளி கிராசியேலா திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் அதைவிடப் பெரிய தலைவலிகள் இருந்தன. கீழே கண்ணாடிக் கடைக்காரர் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்று மறுபடி சண்டைக்கு வந்திருந்தார். மொந்தெவிதேயோவின் பதினெட்டாம் ஜூலை சாலையில் ஊர்வலம் என்று பஸ்கள் வேறு சுற்றிப்போய்க்கொண்டிருந்தன.

"சிரிக்காதீங்க," என்றாள் கிராசியேலா. "எண்பது வேணும். நம்ம பக்கம் நாப்பதக்கூடத் தொடல. எண்பது வரலைன்னா மத்த ஊர்ப் பேச்சே கிடையாதுன்னு அவங்க எழுத்துலயே கொடுத்திருக்காங்க. நோயெலியா, இது உன் தலையில."

நோயெலியா தெச்சேரா தலையாட்டினாள். அந்தச் சின்ன நிறுவனத்தில் டெஸ்ட் எல்லாம் அவள் பொறுப்பு. நாட்டின் வடகிழக்கே மெலோ என்ற ஊரில் உள்ள ஓர் ஆம்புலன்ஸ் சேவைக்காக அவர்கள் ஒரு செயலி செய்திருந்தார்கள். போன் எடுக்கும் ஆபரேட்டர் பிரவுசரில் அழைப்பைப் பதிவு செய்வாள். அது வண்டி ஓட்டுநரின் திரைக்குப் போகும். ஜூனில், குளிர்காலத் தொடக்கத்திலிருந்து மெலோவில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து இன்னும் பல ஊர்களுக்குப் போக வேண்டும். அதற்குச் சேவைக்காரர்கள் வைத்த நிபந்தனைதான் அந்த எண்பது சதவீதம்.

தானியங்கி டெஸ்ட் ஓடும்போது பிரவுசர் தானாகத் திறந்து, பேய் பிடித்தாற்போல் தானாகவே எழுதி, தானாகவே பொத்தான்களை அழுத்தும். அப்போது ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் எந்த வரி ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரு கருவி கூடவே எண்ணிக்கொண்டு வரும். ஓடியது பச்சை, ஓடாதது சிவப்பு. போன மாதம்வரை பெரும்பாலும் பச்சையாக இருந்த அறிக்கை, நிரலைத் தொகுக்கும் முறையை மாற்றியதிலிருந்து அம்மை போட்டதுபோல் சிவந்து கிடந்தது.

"ஏ ஒல்லி, நம்பர எங்க தொலைச்ச?" என்று பக்கத்து மேசையிலிருந்து வில்மர் கேட்டான்.

"உன் முடி போன எடத்துக்குத்தான் போயிருக்கும், மொட்டை. வழி தெரியும்ல, நீயே போய்க் கூட்டிட்டு வா."

வில்மர் தன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவன் அவன்தான். அவள் அப்பா இறந்தபோது அவள் ஊரான பைசாந்து வரைக்கும் தன் காரில் கொண்டுபோய் விட்டவன். அவனுடைய மூன்று வயது மகள் நோயெலியாவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் முடிச்சு சீக்கிரம் அவிழ்ந்தது. புது முறையில் செயலியின் ஒவ்வொரு பகுதியும் தனிப் பக்கமாகியிருந்தது. பிரவுசர் ஒரு பக்கத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பழையதன் நினைவை உதறிவிடும்; எண்ணிக்கையும் அதோடு போய்விடும். கருவியோ எல்லாம் முடிந்தபின் சாவகாசமாக வந்து, கடைசிப் பக்கத்தில் மிஞ்சியதை மட்டும் அள்ளிக்கொண்டு போயிற்று. பக்கம் மாறுவதற்கு முன்பே எண்ணிக்கையை எடுத்துவைக்கும்படி நோயெலியா மாற்றினாள். எண் விறுவிறுவென்று ஏறி, எண்பதுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோப்பு. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. நெட் அறுந்துபோனால் அழைப்பைப் பிரவுசருக்குள்ளேயே பத்திரப்படுத்தி, நெட் திரும்பியதும் அனுப்பிவைக்கும் பகுதி அது. எழுதியவன் வில்மர்.

"அது அப்படித்தான் இருக்கும்," என்றான் அவன். "அது பக்கத்துக்குள்ள ஓடல, பின்னணியில தனியா ஓடுது. உன் கருவிக்கு அங்க கண்ணு தெரியாது. கணக்குல சேக்காதன்னு ஒரு வரி போட்டுடு. எண்பது தாண்டிடும், நம்ம போய்ச் சாப்பிடலாம்."

"அதுக்கு டெஸ்ட் இருக்கில்ல?"

"ஏன் இல்லாம? நானே எழுதினேன். நெட்டை அறுக்குது, அழைப்பு போடுது, நெட்டைக் கொடுக்குது, லிஸ்டுல இருக்கான்னு பாக்குது. தினம் பாஸ் ஆகுது."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கிராசியேலாவும் கதவருகே நின்று, "போட்டுடு நோயெலியா, இன்னிக்கே அறிக்கை அனுப்பணும்," என்றாள். நோயெலியா அந்த வரியைப் போடக் கை வைத்தாள். ஆனால் கருவிக்குக் கண் தெரியாத இடத்தை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. தெரியவைக்க முடியாதா என்றுதான் பார்த்தாள். சந்தேகம் என்று சொல்ல முடியாது. பிடிவாதம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நாளை தருகிறேன் என்று கிராசியேலாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பின்னணியில் ஓடும் நிரல் தன் எண்ணிக்கையைப் பக்கத்துக்கு அனுப்பும்படி எழுதினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி எழுதினாள். மறுபடி பூஜ்யம். மதியம்வரை மல்லாடிய பிறகுதான் தெரிந்தது, பிரவுசர் பின்னணி நிரலின் பழைய பிரதியைப் பதுக்கிவைத்து அதையே ஓட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டினாள். அந்தக் கோப்பில் முதன்முதலாகப் பச்சை தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டப் போனவள், கீழே உருட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பத்திரப்படுத்தும் வரிகள் பச்சை. அனுப்பும் வரிகள் அத்தனையும் சிவப்பு.

டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டினாள். பாஸ். அறிக்கையைப் பார்த்தாள். சிவப்பு. அழைப்பை அனுப்பும் வரிகள் ஒருமுறைகூட ஓடாமல் டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆகிறது?

டெஸ்ட்டை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே செய்து பார்த்தாள். மெலோவில் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் அதே பிரவுசர். நெட்டைத் துண்டித்தாள். மரியா, நெஞ்சு வலி, ஒரு பொய் முகவரி. பதிவு செய்தாள். லிஸ்டில் வந்தது, பக்கத்தில் பச்சை டிக். நெட்டைக் கொடுத்தாள். சர்வரில் போய்ப் பார்த்தாள். மரியா அங்கே இல்லை. காத்திருந்தாள். பிறகும் இல்லை. ஆனால் திரையில் மரியாவும் பச்சை டிக்கும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன. லிஸ்ட், பிரவுசருக்குள் பத்திரப்படுத்தியதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் ஒரே ஒரு நிபந்தனை. நெட் திரும்பிவிட்டது என்று சில பிரவுசர்கள் பின்னணி நிரலுக்கு ஒரு சைகை கொடுக்கும். வில்மரின் நிரல் அந்தச் சைகைக்காகக் காத்திருந்தது. சைகை தரும் பிரவுசராக இருந்தால் அனுப்பு என்று எழுதியிருந்தான். தராத பிரவுசராக இருந்தால் என்ன செய்வது என்று எதுவும் எழுதவில்லை. மெலோவில் இருந்ததும் டெஸ்ட் ஓடியதும் தராத பிரவுசர்.

நோயெலியாவுக்குப் புயல் நினைவுக்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் சாந்தா ரோசா புயல் வழக்கம்போல் வந்து, இந்த வருஷம் வடகிழக்கையே புரட்டிப்போட்டிருந்தது. மெலோவில் மரங்கள் விழுந்து, மின்சாரமும் நெட்டும் விட்டுவிட்டுப் போனதை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த வாரம் சேவைக்காரர்களிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று இதே அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

அவள் வில்மரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவன் முதலில் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு குனிந்து படித்தான். மறுபடி படித்தான்.

"நான் கேபிளப் புடுங்கிப் பாத்தேன் ஒல்லி. என் கண்ணால பாத்தேன். போச்சு."

"உன் பிரவுசர்ல போயிருக்கும்."

"அய்யோ." அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த டிக்..."

அந்த டிக்கின் கதை இருவருக்கும் தெரியும். அனுப்பப்படாத அழைப்புக்கு வில்மர் முதலில் மஞ்சள் அடையாளம்தான் வைத்திருந்தான். மஞ்சளைப் பார்த்து ஆபரேட்டர்கள் பயப்படுகிறார்கள், போன் மேல் போன் போடுகிறார்கள், எல்லாம் ஒரே பச்சையாக இருக்கட்டும் என்று எடுக்கச் சொன்னது கிராசியேலா.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்," என்றான் வில்மர். "ரெண்டு வரிதான். கிராசியேலாகிட்ட அதுக்கப்புறம் சொல்லலாம்."

"சரி பண்ணினா என்ன ஆகும்? மெலோ பிரவுசர்ல முடங்கிக் கிடக்கிறதெல்லாம் இப்ப கெளம்பும். புயலப்ப கூப்பிட்டவங்க வீட்டுக்கு இன்னிக்கு வண்டி போகும்."

"அப்ப முதல்ல அதெல்லாம் துடைச்சுட்டு..." என்று ஆரம்பித்தவன், தான் என்ன சொல்கிறோம் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டான்.

நோயெலியா மெலோவுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ஷிர்லி என்ற ஆபரேட்டர். பயிற்சி கொடுத்த நாட்களிலிருந்தே குரல் பழக்கம். எப்போதும் வம்பு பேசிச் சிரிக்கிற பெண்மணி, அன்று வேண்டாவெறுப்பாகப் பேசினாள். நோயெலியா சொன்ன இடத்தில் போய், சொன்னதை அழுத்தி, பிரவுசருக்குள் கிடந்த பெயர்களைப் படித்தாள். முதல் இரண்டும் அப்புறம் திரும்பக் கூப்பிட்ட ஆட்கள், அவர்களுக்கு வண்டி போய்விட்டது. மூன்றாவது பெயரைப் பாதி படித்தவள் நிறுத்தினாள்.

"கண்ணு, இது எப்படி இங்க இருக்கு?"

"எது?"

"ஒதிலோன் பெரெய்ரா. ஊருக்கு வெளிய சாக்ராவுல, பண்ணை வீட்டுல இருக்கிறவரு." அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது. "அவரு சம்சாரம் எல்பா கூப்பிட்டாங்க. கை தூக்க வரலை, வாய் கோணுதுன்னு. நான் பதிவு பண்ணேன். டிக் வந்துச்சு. வண்டி வருது தாயின்னு சொன்னேன். திரும்பக் கூப்பிட்டாங்க. மரம் விழுந்து கெடக்கு, சுத்தித்தான் வருவாங்க, பதறாதீங்கன்னு நானே அதட்டினேன். மூணாவது தடவை அழுதப்பத்தான் ரேடியோவுல டிரைவரக் கேட்டேன். என்ன அழைப்புன்னு கேக்கிறான் அவன்!"

"ஷிர்லி..."

"எனக்கு மெமோ குடுத்துட்டாங்க கண்ணு. நான் பதிவே பண்ணலையாம். சர்வர்ல இல்லையாம். வெள்ளிக்கிழமை விசாரணை. இருவத்தொரு வருஷ சர்வீஸ். நானும் நம்பிட்டேன் தெரியுமா? புயல் நேரத்துல போன் மேல போன், மறந்துதான் போயிட்டோம், டிக்க கனவுல பாத்திருப்போம்னு. தூங்கல நான்."

"நீங்க மறக்கல," என்றாள் நோயெலியா. "அந்தக் கம்ப்யூட்டர யாரும் தொடாம பாத்துக்கோங்க. எதையும் அழிக்காதீங்க. நான் சொல்றவரைக்கும் அழைப்பெல்லாம் ரேடியோவுலயே சொல்லுங்க."

"அவரு எப்படி இருக்காருன்னு கேக்க மாட்டியா?"

"எப்படி இருக்காரு?"

"உசுரு இருக்கு. பேச்சு இல்ல."

கிராசியேலா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கெட்டவள் அல்ல. ஒரு வருஷம் தன் சம்பளத்தை எடுக்காமல் மற்றவர்களுக்குக் கொடுத்தவள். அன்றைக்கு அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"முதல்ல வக்கீல். அவர் சொல்லாம ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. வில்மர் சரி பண்ணட்டும், உள்ள கிடக்கிறத அமைதியா எடுத்துடலாம். அப்புறம் முறையா, யோசிச்சு..."

"வெள்ளிக்கிழமை அந்தப் பொம்பளைக்கு விசாரணை, கிரா."

"தெரியுது. அதுக்குள்ள வக்கீல் பேசுவாரு."

"பேசலைன்னா?"

"இங்க எத்தனை குடும்பம் சாப்பிடுதுன்னு நெனச்சுப் பாரு."

"நெனச்சேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்ற. அந்த மஞ்சளை எடுக்கச் சொன்னதே நீதான்."

கிராசியேலா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே அன்றும் ஓர் ஊர்வலத்தின் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. "எனக்கு மறந்துபோச்சுன்னா நெனைக்கிற?" என்றாள் தாழ்ந்த குரலில். "நாளைக்குக் காலைல வரைக்கும் பொறு."

நோயெலியா அறிக்கையைத் தயார் செய்தாள். சிவப்பு வரிகள், கையால் செய்து பார்த்தது, மெலோவில் முடங்கிக் கிடந்த பெயர்கள், ஒவ்வொன்றும் பதிவான நேரம். வில்மர் அவள் பின்னால் வந்து நின்றான்.

"என் பேரு அதுல வருமா?"

"ஒவ்வொரு வரியும் யார் எழுதினதுன்னு பக்கத்துலயே காட்டுது."

"எடுக்க முடியுமா?"

"முடியும்."

அவன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். நோயெலியா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அது சரியா என்று அன்றும் அவளுக்குத் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை.

மறுநாள் காலை கிராசியேலா வந்து, வக்கீல் இன்னும் இரண்டு நாள் கேட்கிறார் என்றாள். நோயெலியா அவள் கண்ணெதிரிலேயே அறிக்கையை மெலோ சேவையின் தலைமை மருத்துவருக்கு அனுப்பினாள். கிராசியேலா தடுக்கவில்லை, "அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மதியம் மருத்துவர் போனில் வந்தபோது, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வில்மர்தான் முதலில் பேசினான். "அந்தப் பகுதிய எழுதினது நான், டாக்டர். அந்த டெஸ்ட்டையும் நான்தான் எழுதினேன்." மஞ்சளைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பிறகு கிராசியேலாவே அதைச் சொன்னாள்.

விசாரணை நடக்கவில்லை. ஷிர்லியின் மெமோ திரும்பப் பெறப்பட்டது. மெலோ பழையபடி ரேடியோவுக்கும் காகிதத்துக்கும் போயிற்று. மற்ற ஊர்ப் பேச்சு நின்றது. வக்கீல்கள் வக்கீல்களோடு பேசத் தொடங்கினார்கள். வில்மரை யாரும் போகச் சொல்லவில்லை. அவனாகவே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தான். கிராசியேலா நோயெலியாவிடம் வேலை விஷயம் மட்டும் பேசினாள், அதுவும் அளந்து அளந்து. சாப்பாட்டு மேசையில் நோயெலியா வந்து உட்கார்ந்தால் ஒருவர் இருவர் எழுந்து போனார்கள்.

அக்டோபரில் மெலோ கம்ப்யூட்டர்களிலிருந்து செயலியை எடுக்க அவளே போக வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் ஷிர்லி, "வா, ஒரு எடத்துக்குப் போகணும். தனியாப் போக எனக்குத் தைரியமில்ல," என்றாள். எங்கே என்று நோயெலியாவுக்குத் தெரிந்தது.

சாக்ராவுக்குப் போகும் செம்மண் சாலையில் விழுந்த யூகலிப்டஸ் மரங்களை இன்னும் முழுதாக அப்புறப்படுத்தவில்லை. எல்பா வாசலுக்கு வந்து, ஷிர்லி யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷிர்லி அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் பதிவு செய்ததை, டிக் வந்ததை, அது பொய் டிக் என்பதை. நடுவில் குரல் உடைந்தபோது நோயெலியா மிச்சத்தைச் சொன்னாள், கருவி, பிரவுசர் என்று எதையும் இழுக்காமல். நாங்கள் செய்தது சரியாக வேலை செய்யவில்லை, அது எங்களுக்குத் தெரியவும் இல்லை என்றாள்.

எல்பா ஷிர்லியைப் பார்த்தாள். "அப்ப நீ எங்கிட்ட பொய் சொல்லல."

"இல்ல தாயி. வண்டி வருதுன்னுதான் நம்பினேன்."

"உள்ள வா."

ஒதிலோன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பெரிய உடம்பு, நன்றாகச் சவரம் செய்த முகம். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது. வந்தவர்களைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பினார். உட்காரச் சொல்கிறார் என்றாள் எல்பா.

அவள் வெந்நீர் வைத்து, எல்லோரும் ஒரே குடுவையில் முறைவைத்து உறிஞ்சும் மாத்தே என்ற இலைத் தேநீர் போட்டாள். முதலில் தான் குடித்தாள். பிறகு வெந்நீர் ஊற்றிக் குடுவையை ஷிர்லியிடம் நீட்டினாள். ஷிர்லி உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எல்பா மறுபடி நிரப்பிக் கணவனின் உதட்டருகே பிடித்து, அவர் உறிஞ்சும்வரை பொறுத்திருந்து, வழிந்ததைத் துடைத்தாள். பிறகு தனக்கு. பிறகு ஷிர்லிக்கு. குடுவை நோயெலியாவைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஷிர்லி தர்மசங்கடத்துடன் தரையைப் பார்த்தாள். அந்த ஊர்களில் எதிரிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

"ஒண்ணு கேக்கிறேன்," என்றாள் எல்பா, நோயெலியாவைப் பார்க்காமலே. "முதத் தடவ கூப்பிட்டப்பவே வண்டி வந்திருந்தா இவரு பேசுவாரா?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அவரு என்னவோ சொல்றாரு. நான் உன்னைக் கேக்கிறேன்."

"பேசியிருக்கலாம்," என்றாள் நோயெலியா. "எனக்குத் தெரியாது. பேசியிருக்கலாம்."

எல்பா தலையை ஆட்டினாள். அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஷிர்லியின் தோளைத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை வா என்றாள்.

மொந்தெவிதேயோ பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்போது வில்மரின் அழைப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவன் குரல்.

"மெலோ போனியா?"

"போனேன்."

"பாத்தியா அவரை?"

"பாத்தேன்."

பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கியது. அவன் மகள் எங்கேயோ பின்னால் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"என்ன சொன்னாரு ஒல்லி?"

நோயெலியா ஜன்னல் பக்கம் திரும்பி, கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உக்காரச் சொன்னாரு," என்றாள்.